‘தானா வளரும்’ என்கிறவர்களுக்கு

வீட்டு நாய் சினையாக இருக்கிறது என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். நாள் எத்தனை ஆகிறது, என்ன தீனி போடுகிறாய், எங்கே ஈன வைக்கப் போகிறாய் என்று கேட்கிறவர் அபூர்வம். “தெருநாய்க்கு எந்த டாக்டர் பிரசவம் பாக்காரு? அது பாட்டுக்கு ஈனும், அதுவே நக்கி வளத்துக்கும். நீ கிட்ட போகாம இருந்தாப் போதும்” என்பதுதான் பெரும்பாலும் வரும் பதில். நாய் ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ கன்னியோ கோம்பையோ என்றால் கூடவே இன்னொன்றும் வரும்: “இது நம்ம நாட்டு நாய்ப்பா. சீமை நாய் மாதிரி சொகுசு கேக்காது.” டீக்கடைப் பேச்சு என்று இதைத் தள்ளிவிட முடியவில்லை. கெனல் என்று பலகை மாட்டி, பேப்பரோடு குட்டி விற்கிறவர்களும் இதையே சொல்கிறார்கள். மரபு, இயற்கை வாழ்வு என்று பேசுகிற படித்தவர்களும் இதையே இன்னும் நயமாகச் சொல்கிறார்கள்.

கேட்பதற்கு இயற்கையின் மேல் வைத்த நம்பிக்கை போலத் தோன்றும். எனக்கு அப்படித் தெரியவில்லை. இரண்டு மாத வேலையையும் சில ஆயிரம் ரூபாய்ச் செலவையும் தட்டிக்கழிக்க வசதியாகக் கிடைத்த சாக்காகத்தான் தெரிகிறது. செத்துப்போகிற குட்டிகளின் கணக்கை யாரும் கேட்பதில்லை என்பதால் அந்தச் சாக்கு இத்தனை காலம் செல்லுபடியாகிறது.

தெருநாயிலிருந்தே தொடங்கலாம். தெருநாய் தானே ஈனுகிறது, உண்மை. ஈன்ற பிறகு நடப்பதை உட்கார்ந்து எண்ணியவர்கள் இருக்கிறார்கள். கொல்கத்தா ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு மேற்கு வங்கத் தெருக்களில் 95 ஈத்துகளில் பிறந்த 364 குட்டிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2016இல் முடிவை வெளியிட்டது. இனப்பெருக்க வயதான ஏழு மாதத்தை எட்டியவை நூற்றுக்குச் சுமார் 19. மற்றவை போய்விட்டன. இதில் ஒன்றை மறைக்கக் கூடாது: அந்தச் சாவுகளில் ஏறத்தாழ 63 சதவீதத்துக்கு ஏதோ ஒரு வகையில் மனிதர்களே காரணம். வண்டி ஏற்றியது, அடித்தது, விஷம் வைத்தது என்று. ஆகவே முழுப் பழியையும் இயற்கையின் தலையில் கட்ட முடியாது. சரி, மனிதக் கையைக் கழித்துவிடுவோம். அப்போதும் பிறந்த பத்தில் மூன்று குட்டி மிச்சக் காரணங்களால் செத்திருக்கிறது. “தெருநாய் வளக்கலையா” என்று கேட்கிறவர் பார்ப்பது தெருவில் ஓடுகிற நாயை. ஓடாமல் போனவை அவர் கண்ணில் படுவதே இல்லை.

நார்வேயில் 224 இனங்களைச் சேர்ந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஈத்துகளை ஆராய்ந்து 2012இல் ஒரு கணக்கு வந்தது. செத்துப் பிறந்தவையும் முதல் வாரத்தில் செத்தவையும் சேர்த்து 8 சதவீதம். இது முதல் வாரக் கணக்கு, மேற்கு வங்கத்தது ஏழு மாதக் கணக்கு. இரண்டையும் ஒரே தராசில் வைக்க நான் சொல்லவில்லை. நான் காட்ட விரும்புவது வேறு. கால்நடை மருத்துவம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற, ஈத்துகளை முறையாகப் பதிவுசெய்கிற நாட்டில், பரம்பரை தெரிந்த நாய்களிடமே, பிறப்பிலும் முதல் வாரத்திலுமாக நூற்றுக்கு எட்டு போகிறது. முதல் வாரம் அவ்வளவு ஆபத்தானது. அந்த வாரத்தில்தான் நம் ஆட்கள் “கிட்ட போகாதே” என்கிறார்கள்.

இயற்கையின் வழி எளிமையானது. நிறையப் பிறக்கட்டும், சில நிற்கட்டும். நிற்காதவை பற்றி அதற்கு வருத்தமில்லை. அந்த வழியை ஏற்றுக்கொள்கிறவர் முழுதாக ஏற்றுக்கொள்ள வேண்டும். எட்டுக் குட்டிக்கும் முன்பணம் வாங்கி வைத்துக்கொண்டு இயற்கையைப் பற்றிப் பேசுவது பொருந்தாது. கடுவன் எது, பெட்டை எது, எந்தப் பருவத்தில், எந்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று எல்லாவற்றையும் மனிதன்தான் முடிவு செய்தான். சேர்க்கை வரை மனிதன் வேலை, அதற்குப் பிறகு இயற்கையின் வேலை என்று பாகம் பிரிக்க யார் அனுமதி கொடுத்தது?

ராஜபாளையத்தையே எடுத்துக்கொள்வோம். 2005இல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ஒன்றாக இடம்பெற்ற நாய் இது. தூய வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு. வாங்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது மூக்கைத்தான். மூக்கில் கறுப்புப் புள்ளி இருந்தால் விலை இறங்கும். இந்த ஆசைக்கு ஒரு விலை உண்டு. தோலுக்கு நிறம் தருகிற அதே வகை உயிரணுக்கள் உட்செவியிலும் இருந்து வேலை செய்ய வேண்டும். நிறத்தை ஒழித்துக்கட்டும் தேர்வு அங்கேயும் அவற்றை ஒழித்துவிட்டால் காது கேட்காது. அமெரிக்காவில் பரிசோதிக்கப்பட்ட டால்மேஷியன்களில் ஏறத்தாழ 30 சதவீதத்துக்கு ஒரு காதோ இரு காதுமோ கேட்கவில்லை என்று தெரியவந்தது. ராஜபாளையத்திலும் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது அந்த நாயோடு பழகிய எல்லோரும் அறிந்ததே. பல தலைமுறையாக வெள்ளையை வெள்ளையோடு சேர்த்து, மூக்கின் நிறத்தைத் தேடித் தேடிப் பொறுக்கிவிட்டு, “இது இயற்கையா வந்த நாய்” என்றால் எப்படி? பரம்பரை நாயில் எதுவுமே தானாக வரவில்லை. அதனால்தான் அது பரம்பரை நாய்.

ஒரு விஷயத்தில் எதிர்த்தரப்புக்கு நியாயம் இருக்கிறது. நம் நாட்டு நாய்களுக்குப் பிரசவம் பொதுவாகச் சிக்கலில்லாதது. பிரெஞ்சு புல்டாக் போன்ற தட்டை முகக்காரிகளைப் பாருங்கள்: பிரிட்டனில் நடந்த ஆய்வொன்றில் ஐந்தில் நான்குக்கு மேற்பட்ட ஈத்துகள் அறுவை சிகிச்சையில்தான் பிறந்திருந்தன. ஒடுங்கிய தலையும் நீண்ட உடம்புமாக இருக்கிற சிப்பிப்பாறைக்கு அந்தத் துன்பம் இல்லை. ஆனால் இந்த நியாயம் பிரசவம் நடக்கும் சில மணி நேரத்துக்கு மட்டும்தான் பொருந்தும். அதற்குப் பிறகும் குட்டிகள் சாகின்றன. எந்த இனமாக இருந்தாலும் பிறந்த குட்டி ஒரே மாதிரிதான்.

கையில் எடுத்துப் பாருங்கள். கண் மூடியிருக்கும், காது அடைத்திருக்கும், கால் உடம்பைத் தாங்காது. கண் திறக்கப் பத்துப் பதினான்கு நாள் ஆகும். அதுவரை அதற்குத் தெரிந்தது இரண்டே விஷயம்: வெதுவெதுப்பு எந்தப் பக்கம், பால் எந்தப் பக்கம். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு அந்த இரண்டையும் தேடி ஊர்ந்து போகும். நமக்குக் குளிரெடுத்தால் நடுங்குகிறோம், நடுக்கமே உடம்பைச் சூடாக்கிவிடுகிறது. முதல் வாரக் குட்டிக்கு நடுங்கத் தெரியாது. வளர்ந்த நாயின் உடல் வெப்பம் 38லிருந்து 39 டிகிரி செல்சியஸ். இதற்கு 35, 36தான். 34ஐ ஒட்டி இறங்கிவிட்டால் சப்பும் வேகம் போய்விடும், குடல் அசைவு நின்றுவிடும். முதலில் விடாமல் அழும். பிறகு அழுகை நிற்கும். அடங்கிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் தூங்கப் போவார்கள்.

தாய் அந்தக் குட்டியை மூக்கால் ஓரமாகத் தள்ளும். “பிழைக்காததத் தாயே ஒதுக்கிரும், அதுக்குத் தெரியும்” என்று இதற்கொரு விளக்கம் தயாராக இருக்கிறது. பல நேரங்களில் அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: இந்த உடம்பு சில்லென்று இருக்கிறது. சூடேற்றிக் கொடுத்தால் அதே தாய் அதே குட்டியை நக்கி அணைத்துக்கொள்வதைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். இங்கே இன்னொரு கொடுமையும் நடக்கும். குட்டி சோர்ந்திருக்கிறதே என்று இரக்கப்பட்டு யாராவது ஃபில்லரில் பால் ஊற்றுவார்கள். குளிர்ந்து கிடக்கும் குட்டிக்குப் பால் செரிக்காது. வயிறு உப்பும், அல்லது பால் நுரையீரலுக்குப் போகும். முதலில் சூடு, அதுவும் மெதுவாக, மார்போடு அணைத்து மேலே துணி போர்த்தி. அதற்குப் பிறகுதான் பால்.

“நம்ம ஊரு வெயிலுக்குக் குட்டிக்கு எதுக்குச் சூடு?” என்று சிரிப்பார்கள். குட்டி வெயிலில் படுப்பதில்லை. மொசைக் தரையில், டைல்ஸில், கழுவிவிட்ட சிமெண்டில், ஓடுகிற ஃபேனுக்கு அடியில் படுக்கிறது. முதல் வாரத்தில் அதன் படுக்கையைச் சுற்றி 30 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும், பிறகு வாரத்துக்கு வாரம் குறைத்துக்கொண்டு வரலாம். மார்கழி விடியற்காலையில் விருதுநகரில்கூட அந்தச் சூடு கிடையாது. ஐப்பசி மழையில் கொட்டகை ஓரம் ஈரம் கசிந்தால் கேட்கவே வேண்டாம். சித்திரையில் ஆபத்து தலைகீழாகும்: தகரக் கூரைக்கு அடியில் தாயும் குட்டியும் சேர்ந்து வெந்துபோவார்கள். ஆக, இரண்டு பருவத்திலும் யாராவது ஒருவர் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இதற்குப் பெரிய ஏற்பாடு தேவையா? பழைய கதவுப் பலகையில் நாலு பக்கம் அடைத்த ஒரு பெட்டி. தாய் கையை காலை நீட்டிப் படுக்குமளவு. உள்ளே சுவரிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி, தரையிலிருந்து கொஞ்சம் உயரத்தில் ஒரு பிவிசி குழாய் சுற்றிலும் ஓட வேண்டும். தாய் சுவரில் சாயும்போது இடையில் மாட்டும் குட்டி நசுங்காமல் அந்த இடுக்கில் தப்பிக்கும். ஒரு மூலையில் மட்டும் உயரத்தில் குண்டு பல்பு. மறு மூலை இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கட்டும். சூடு அதிகமானால் குட்டிகள் விலகிப் படுக்கும், குறைந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவியும். அதைப் பார்த்து பல்பை ஏற்றி இறக்கலாம். கீழே சாக்கு போடாதீர்கள். நார் பிரிந்து கால்விரலில் சுற்றிக்கொள்ளும். பழைய வேட்டி போதும், தினம் மாற்ற வேண்டும். இந்தப் பெட்டியை ஈனுவதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே வைத்துப் பழக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது கட்டிலுக்கு அடியில் போய் ஈனும்.

குட்டிகளின் எடையைத் தினமும் எழுதிவைக்கும் எடைத்தாள்தான் இந்த வேலையில் முக்கியம், அதைத்தான் எல்லோரும் கேலி செய்கிறார்கள். “குட்டிய மனுசன் தொட்டா தாய் ஒதுக்கிரும்” என்பது இங்கே வருகிற மறுப்பு. முன்பின் தெரியாதவர் கூட்டமாகப் போய் எட்டிப் பார்த்தால் தாய் மிரளும், குட்டியைக் கவ்விக்கொண்டு இடம் மாற்றும், சில வேளை கடித்தும் விடும். அது சரி. தினமும் சோறு வைக்கிற கை தொட்டால் வீட்டு நாய் பொதுவாகக் குட்டியை ஒதுக்குவதில்லை. சமையலறைத் தராசு ஒன்று, மேலே கிண்ணம், அதற்குள் துணி. ராஜபாளையம் குட்டிகள் எல்லாம் ஒரே வெள்ளையாக இருப்பதால் எது எது என்று தெரியாது. கழுத்தில் வெவ்வேறு நிறக் கம்பளி நூலைத் தளர்வாகக் கட்டி, இரண்டு நாளுக்கு ஒருமுறை அவிழ்த்துக் கட்ட வேண்டும். பெரிய உடம்புள்ள இனத்தில் குட்டி 400, 500 கிராம் அளவில் பிறக்கும். ஒரு வாரம் பத்து நாளில் அது இரண்டு மடங்காக வேண்டும். முதல் நாள் கொஞ்சம் குறையலாம். இரண்டாம் நாளும் ஏறவில்லை என்றால் ஏதோ கோளாறு: காம்பு கிடைக்கவில்லை, அண்ணத்தில் பிளவு இருக்கிறது, அல்லது நோய். கண்ணுக்குச் சவலையாகத் தெரிவதற்கு முன்பே தராசுக்குத் தெரிந்துவிடும். பார்த்தால் கொழுகொழுவென்று இருந்த குட்டி ‘திடீரென்று’ செத்துவிட்டது என்பார்களே, அதில் பாதி திடீரென்று நடந்ததல்ல என்பது என் கணிப்பு.

பிரசவத்துக்கு வருவோம். சேர்த்த தேதி தெரிந்தால் 63 நாளைச் சுற்றி, முன்பின் சில நாள். 55 நாளுக்கு மேல் ஒரு எக்ஸ்ரே எடுத்தால் தலைகளை எண்ணிவிடலாம். எண்ணினால் கண்பட்டுவிடும் என்பவர்களுக்கு என்ன சொல்ல? உள்ளே ஆறு என்று தெரிந்தால்தான் ஐந்து வந்தபின் தூங்கப் போகாமல் இருப்போம். கடைசி வாரம் காலை மாலை தெர்மாமீட்டர் வைத்தால், உடல் வெப்பம் சட்டென்று 37ஐ ஒட்டி இறங்கும் நாள் தெரியும். அதிலிருந்து ஒரு நாளுக்குள் பெரும்பாலும் வலி எடுத்துவிடும். முக்கி முக்கி அரை மணி ஆகியும் குட்டி வரவில்லை, ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டு மணிக்கு மேல் போகிறது, முதல் குட்டி வருமுன்பே கரும்பச்சையாகக் கழிவு வருகிறது: இவற்றில் ஒன்று நடந்தாலும் ஆட்டோ பிடிக்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

ஒரு வேடிக்கை. “தானா ஈனும்” என்று அறுபத்திரண்டு நாள் சொன்ன அதே ஆள், அறுபத்து மூன்றாம் நாள் ராத்திரி கொஞ்சம் தாமதமானதும் ஆக்சிடோசின் ஊசியைத் தேடுகிறார். மாட்டுக்கு வாங்கி வைத்தது, அளவு தெரியாது, குட்டி குறுக்கே கிடக்கிறதா என்றும் தெரியாது. வழி அடைத்திருக்கும்போது கருப்பையை இறுக்கினால் அது கிழியலாம், உள்ளே இருக்கிற குட்டிகளுக்கு மூச்சு முட்டும். இயற்கையின் மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தவருக்கு ஊசியின் மேல் எப்போது வந்தது?

சினை நாய்க்கு கால்சியம் டானிக் ஊற்றுவதும் இதே ரகம். ஒரு பக்கம் எதுவுமே வேண்டாம் என்பார்கள், மறுபக்கம் எலும்புக்கு நல்லது என்று முதல் வாரத்திலிருந்தே பாட்டில் பாட்டிலாகக் கால்சியம் ஊற்றுவார்கள். நாயின் கழுத்தில் இருக்கிற சிறு சுரப்பிகள் தேவைப்படும்போது எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து ரத்தத்துக்குக் கொடுக்கும். வாய்வழியாகவே தாராளமாக வந்துகொண்டிருந்தால் அவை சோம்பிவிடும். குட்டிகள் வளர்ந்து, பால் உச்சத்துக்குப் போகிற இரண்டாம், மூன்றாம் வாரத்தில் திடீரென்று தேவை எகிறும், சுரப்பி விழித்துக்கொள்வதற்குள் ரத்தத்தில் கால்சியம் சரிந்துவிடும். நம் வீடுகளில் பொமரேனியன் என்று வளர்க்கிற சின்ன நாய்களுக்கு இது அதிகம். சாயங்காலம் அமைதியில்லாமல் நடக்கும், மூச்சு வாங்கும், காலை விறைத்துக்கொண்டு மரக்குதிரை மாதிரி நிற்கும், பிறகு வெட்டி இழுக்கும், உடம்பு கொதிக்கும். பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கப் போன வீடுகள் உண்டு. மருத்துவர் நரம்பில் மெதுவாகக் கால்சியம் ஏற்றினால் அரை மணியில் எழுந்து நிற்கும், ஏற்றாவிட்டால் செத்துப்போகும். சினைக்காலத்தில் அந்த நாய்க்குத் தேவைப்பட்டது டானிக் அல்ல, நல்ல சாப்பாடு. கடைசி மூன்று வாரம் கூட்டிக் கொடுக்க வேண்டும், பால் கொடுக்கும்போது வழக்கத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு வரை கேட்கும். நம்மவர்கள் இதில் கஞ்சத்தனம் பிடிப்பார்கள்: “நிறையப் போட்டா குட்டி பெருத்து வெளிய வராது.”

தாய்க்குப் பால் இல்லையென்றால் பசும்பால் என்பதும் யோசிக்காமல் வருகிற பதில். நாய்ப்பாலில் உள்ள புரதத்திலும் கொழுப்பிலும் பாதிகூடப் பசும்பாலில் இல்லை, பால் சர்க்கரையோ கூடுதல். இதில் தண்ணீர் வேறு கலந்து கொடுப்பார்கள். வயிற்றோட்டம் கண்டால் “குட்டிக்கு ஒத்துக்கல” என்பார்கள். நாய்க்குட்டிக்கென்றே பால்மாவு கடையில் கிடைக்கிறது. கிடைக்காத ஊரில் மருத்துவரைக் கேட்டு முட்டை மஞ்சள் கரு சேர்த்துச் சமாளிக்கலாம். ஆனால் முதல் நாள் சீம்பாலுக்கு எதுவும் ஈடாகாது. அதிலிருக்கும் நோய் எதிர்ப்புப் பொருட்களைக் குட்டியின் குடல் உள்ளே விடுவது முதல் ஒரு நாள்தான், அதிலும் முதல் சில மணி நேரம்தான் அதிகம். எட்டுக் குட்டியில் எது காம்பைப் பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று அப்போது யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அடுத்து, “நாட்டு நாய்க்கு நோய் வராது.” இதைவிடப் பிழையான பேச்சை நான் கேட்டதில்லை. பார்வோ வைரஸ் நாய்களிடம் அடையாளம் காணப்பட்டதே 1978இல். அதற்கு முன் அந்த நோயை யாரும் அறிந்திருக்கவில்லை. ஒன்றிரண்டு ஆண்டிலேயே உலகம் முழுக்கப் பரவியது. பாளையக்காரர் காலத்திலிருந்து வருகிற நாய் என்று எவ்வளவுதான் பெருமை பேசினாலும், நேற்று வந்த வைரஸுக்கு அந்தப் பழமையில் எதிர்ப்பு எங்கிருந்து வரும்? ஒன்றரை மாதக் குட்டி ரத்தமாகக் கழிந்து, மூன்றே நாளில் தோலும் எலும்புமாக ஒட்டிப்போவதைப் பார்த்தவர்கள் இந்தப் பேச்சைப் பேச மாட்டார்கள். செத்த இடத்து மண்ணில் வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், அடுத்த ஈத்துக்காகக் காத்திருக்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் வரை. ஏன் இத்தனை தடவை என்றால், தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பே ஊசியின் வேலையைத் தடுத்துக்கொண்டிருக்கும். அது எந்த வாரம் வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். குடற்புழுவுக்கும் இனமோ ஊரோ கிடையாது. தாயின் தசையில் உறங்கும் உருண்டைப்புழுவின் இளம்புழுக்கள் சினையின் கடைசி நாட்களில் விழித்து, நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிக்குள் போய்விடுகின்றன. புழுவோடுதான் பிறக்கிறது. இரண்டாம் வாரத்தில் மருந்து, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. இது நாய்க்காக மட்டும் சொல்வதல்ல. குட்டியைக் கொஞ்சிவிட்டுக் கை கழுவாமல் சாப்பிடுகிற பிள்ளைகளின் கண்ணுக்குள் அந்த இளம்புழு போய்ப் பார்வையைக் கெடுத்ததுண்டு.

முப்பது நாள் குட்டி என்கிற வியாபாரத்துக்கு வருகிறேன். “சின்னதா வாங்குனாத்தான் நம்மகூட ஒட்டும்” என்பது வாங்குகிறவர் நம்பிக்கை. விற்கிறவருக்கு அது இன்னும் இனிப்பு: முப்பதாம் நாளில் கைமாற்றிவிட்டால் குட்டிகளின் தீனிச் செலவு இல்லை, தடுப்பூசி வாங்குகிறவர் பொறுப்பு, பார்வோ வந்தாலும் வாங்கியவர் வீட்டில் வரும். காது கேளாமையும் அப்படியே. பரம்பரையாக வருகிற அந்தச் செவிடு பிறந்த மூன்று நான்கு வாரத்தில்தான் உறுதிப்படுகிறது. ஐந்தாறு வாரத்தில்தான் சோதிக்க முடியும். முப்பதாம் நாள் விற்ற குட்டியை யாரும் சோதித்திருக்கவே முடியாது.

ஒட்டுவதைப் பற்றிய நம்பிக்கையாவது சரியா? அமெரிக்காவில் பார் ஹார்பர் என்ற ஊரின் ஆய்வுக்கூடத்தில் ஃப்ரீட்மன், கிங், எலியட் மூவரும் குட்டிகளை வேலிபோட்ட வயலில் மனிதர் கண்ணில் படாமல் வளர்த்து, வெவ்வேறு வயதில் ஒரு வாரம் மட்டும் மனிதரோடு பழகவிட்டுப் பார்த்தார்கள். 1961இல் முடிவு வெளிவந்தது. பதினான்கு வாரம் வரை மனிதரையே காணாத குட்டிகள் பிறகு காட்டு விலங்கு போல ஒதுங்கின, பழக்கவே முடியவில்லை. ஏழாவது வாரத்தை ஒட்டிப் பழகியவை நன்றாக வந்தன. ஆக, பழகும் காலம் முப்பது நாளில் முடிந்துவிடுவதில்லை. மூன்றாவது வாரத்தில் தொடங்கி மூன்று மாதம் வரை நீள்கிறது. அந்த நேரத்தில் குட்டிக்கு மனிதர் பழக்கமும் வேண்டும், கூடப்பிறந்தவற்றின் பழக்கமும் வேண்டும். ஒன்றை ஒன்று கடித்து, வலிக்கிறது என்று கத்தி, எவ்வளவு கடிக்கலாம் என்று கற்பது நான்கிலிருந்து எட்டு வாரத்துக்குள்தான். 2011இல் இத்தாலியில் 140 நாய்களை ஒப்பிட்டார்கள். முப்பது நாற்பது நாளில் பிரிக்கப்பட்டவை, இரண்டு மாதத்தில் பிரிக்கப்பட்டவற்றைவிட அதிகம் குரைத்தன, வெளியே போனால் மிரண்டன, பொருட்களைக் கடித்துக் குதறின. ராஜபாளையம் ஒருவருக்கு மட்டுமே அடங்கும், மற்றவரைக் குதறும் என்று பெயர் வாங்கியிருக்கிறது. பிறவிக் குணம் என்கிறார்கள். ஒரு மாதத்தில் பிரித்து, சங்கிலியில் கட்டி, வாசலுக்கு வருகிற ஒருவரையும் காட்டாமல் வளர்த்தால் எந்த நாய்க்கும் அந்தக் குணம் வரும் என்பேன்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. நாய் இனப்பெருக்கம், விற்பனை குறித்து 2017இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. பதினெட்டு மாதம் நிரம்பாத பெட்டையைச் சேர்க்கக் கூடாது. ஆண்டுக்கு ஒரு ஈத்துக்கு மேல் கூடாது. ஆயுளில் ஐந்துக்கு மேல் கூடாது. முதல் பருவத்திலேயே சேர்த்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈன வைத்து, அதையும் ‘இயற்கை’ என்று அழைக்கிறவர்கள் அந்த விதியைப் படித்ததாகத் தெரியவில்லை. பெட்டையின் உடல்நலத்துக்காகவே ஒரு தடவையாவது ஈன வேண்டும் என்று அறிவுரை சொல்கிறவர்கள் தனி. ஒருமுறை ஈன்றதால் பிறகு கருப்பையில் சீழ் பிடிக்காது என்று எந்த மருத்துவரும் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டார்.

கடைசியாக வருகிற கேள்வி காசு பற்றியது. “இதெல்லாம் பணக்காரன் விளையாட்டு. தோட்டத்துக்கு நாய் வச்சிருக்கிற சம்சாரி என்ன பண்ணுவான்?” முன்பு எங்கள் பக்கத்துச் சம்சாரிகள் மாட்டுத் தொழுவத்தில் ஒரு மூலையைக் கூட்டி, வைக்கோல் பரப்பி, ஈன்ற பெட்டைக்குக் கேப்பைக் கூழில் கருவாட்டுத் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள். அவர்கள் யாரும் கிட்டப் போகாமல் இருக்கவில்லை. வளர்க்க முடியாத குட்டிகளை, பெரும்பாலும் பெட்டைகளை, ஊருக்கு வெளியே விட்டுவிட்டு வந்ததும் அவர்கள்தான். அந்தப் பகுதியை மரபு பேசுகிறவர்கள் சொல்வதில்லை. தராசு, தெர்மாமீட்டர், பழைய பலகை, வேட்டி, பல்பு, புழு மருந்து, எல்லாம் சேர்த்தாலும் ஒரு குட்டியின் விலைக்குள் அடங்கிவிடும். அடங்காதது நேரம். முதல் சில ராத்திரிகளில் இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து பார்க்க வேண்டும், ஒரு மாதத்துக்குப் பிறகு நாளெல்லாம் கூட்டி அள்ள வேண்டும், பிள்ளைகளையும் வயதானவர்களையும் கொண்டுவந்து குட்டிகளுக்குப் பழக்க வேண்டும். அந்த நேரம் எல்லோரிடமும் இருக்காது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெட்டை ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு முறை பருவத்துக்கு வருகிறது. ஒவ்வொரு முறையும் சேர்த்தாக வேண்டும் என்று யாரும் கட்டளையிடவில்லை. மூன்று வாரம் கதவைச் சாத்தி வைத்திருந்தால் போதும்.